வியாழக்கிழமை வர்றேன் என்று சொன்னவனுக்கு

கதிரு, மூட்டை முடிச்சையெல்லாம் கட்டி வாசலில் அடுக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு குறட்டை விட்டுத் தூங்குகிறாய். தகரம் வெட்டும் கத்தரி, வெல்டிங் மிஷின், கம்பிவலைச் சுருள், உன் துணிமணி, நான் பொட்டலம் கட்டிய கருவாடு எல்லாம் தயார். நாளைக் காலையில் ஜீப்பு வந்தால் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. போடிமெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கேரளாவில் பூப்பாறையில் இறங்கி உன் பெயரில் ஒரு பட்டறை திறக்கப்போகிறாய். பெற்றவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. வாயால் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே திட்ட ஆரம்பித்துவிடுவேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே செல்போனைப் பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் இல்லை. தேனியில் வாராவாரம் காலைப் பலகாரத்தோடு கூடுகிறீர்களே, அந்த உன் இட்லிக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டு. சின்னதாகக் கடை வைத்துப் பிழைக்கிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என் மானம் கொஞ்சம் போகும், போனால் போகிறது.

நம் சோலி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலையில் பறிக்கிற ஏலக்காயை உடனே உலர்த்தியாக வேண்டும். பச்சைக் காய் குவியலாகக் கிடந்தால் புழுங்கி, நிறம் போய், விற்கிற இடத்தில் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உலர்த்துவதற்கென்றே தோட்டங்களில் 'ஸ்டோர்' என்று ஒரு கட்டடம் இருக்கும். வெளியே விறகு அடுப்பு, உள்ளே சூடு ஓடுகிற தகரக் குழாய், அதற்கு மேலே அடுக்கடுக்காய் வலைத்தட்டுகள். அந்தக் குழாயும் தட்டும் செய்து கொடுப்பதும், ஓட்டை விழுந்தால் மலையேறிப் போய் அடைத்துக் கொடுப்பதும் நம் பட்டறை வேலை. இதற்கு விளம்பரம் கிடையாது. ஒரு ஸ்டோர்க்காரருக்கு மனசு நிறைந்தால் மச்சினனிடம் சொல்வார், அவர் சகலையிடம் சொல்வார். ஒருவர் முகம் சுளித்தால் அதே வழியில் அத்தனை பேரும் போய்விடுவார்கள். உன் அப்பா போன பிறகு இந்தப் பட்டறையை நான் ஒருத்தி இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு இருந்த ஒரே கவலை தகரமோ தீயோ அல்ல, நீதான். வேலை உன் கையில் நன்றாக நிற்கும், ஆனால் மனுஷர்கள் நிற்பார்களா என்று பயந்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் தரையைப் பார்த்துப் பதில் சொல்கிறவன் நீ. எனக்குப் பிறகு இந்தக் கடைக்கு யார் வருவார்கள் என்று நினைத்து நினைத்து எத்தனையோ நாள் சோறு இறங்கவில்லை.

அப்புறம் நீ அந்தத் தேனிக் கூட்டத்தில் சேர்ந்தாய். சின்னத் தொழில்காரர்கள் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கை பிடித்துக் கொடுக்கிற கூட்டமாம். ஆறே மாதத்தில் ஆளே மாறிவிட்டாய் என்று சொல்லத்தான் ஆசை. மாறியது சட்டையும் சிரிப்பும்தான். பாக்கெட்டில் எப்போதும் விசிட்டிங் கார்டு. கடைக்கு வருகிறவர் பெயரைக் கேட்டு, அதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாய். பழனிச்சாமி அண்ணே வாங்க, பழனிச்சாமி அண்ணே உக்காருங்க, பழனிச்சாமி அண்ணே காப்பி சாப்பிடுங்க. பாவம், அந்த மனுஷன் ஏதோ பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல முழித்தார். பக்கத்துச் சாக்குக் கடை சிக்கந்தர் பாய் எட்டிப் பார்த்து, "என்னக்கா, மகன் எலெக்‌ஷன்ல நிக்கிறாப்லயா?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். இட்லி தின்பதற்கு ஒரு சங்கமா என்று உன்னைக் கேலி செய்தேன்.

எனக்குத் தெரிந்த பழக்கம் வேறு. அது எனக்கே பழக்கம் என்று தெரியாது, நீ ஒருநாள் "எங்க கூட்டத்துல சொல்றதத்தாம்மா நீயும் பண்ற" என்று சொல்லித்தான் தெரியும். மலைக்குப் போகிற காய் பறிக்கும் பொம்பளைகள் ஜீப்புக்காக நம் கடை வாசலில்தான் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர், உட்கார ஒரு பெஞ்சு. அவசரத்துக்கு உள்ளே கக்கூசும் திறந்து விடுவேன். அதுகள் சும்மா நிற்குமா? "யக்கா, எங்க மொதலாளி ஸ்டோர்ல புகை அடிக்குது, காயெல்லாம் புகை நாத்தம்" என்று ஒருத்தி சொல்லுவாள். "எங்களுதுல தட்டுக்கம்பி அந்து தொங்குது" என்று இன்னொருத்தி. அடுத்த தடவை அந்த முதலாளி போடிக்கு இறங்கும்போது, ஒன்றும் தெரியாத மாதிரி "என்னண்ணே, குழாய் எப்படி இருக்கு?" என்று கேட்பேன். மனுஷன் ஆச்சரியப்பட்டுப் போவார். சாக்கு கேட்டு என்னிடம் வருகிறவர்களைப் பாய் கடைக்குக் கைகாட்டுவேன். தட்டு எங்கே கிடைக்கும் என்று அவரிடம் கேட்பவர்களை அவர் எனக்குக் கைகாட்டுவார். இதற்கு நாங்கள் இருவரும் கூட்டம் போட்டதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. வாடிக்கை வீட்டில் நல்லது நடந்தால் போகாமல் இருந்தாலும் மன்னிப்பார்கள், சாவு விழுந்து கேதம் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். போன இடத்தில் தொழில் பேசக் கூடாது. ஆம்பளைகள் பந்தலில் உட்கார வேண்டும், பொம்பளைகள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. "போயிட்டு வர்றேன்" என்ற சொல் கேத வீட்டு வாசலில் வாயில் வரவே கூடாது. வந்தால் இன்னொரு கேதத்துக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். இது உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். யார்தான் இதை மகனுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சிலமலைத் தங்கராசு அண்ணன் போனபோது நாம் இரண்டு பேரும் போனோம். குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருந்த மனுஷர், உன் அப்பா காலத்திலிருந்து நம் வாடிக்கை. சிலமலையில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், அதில் ஸ்டோர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அவர் சொல்லித்தான் நம்மிடம் வந்தவர்கள். நான் உள்ளே அவர் பொண்டாட்டி முருகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். நீ பந்தலில் தங்கராசு அண்ணனின் தம்பி பாண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். எழுந்தாய். நேராக நடந்து வர வேண்டியவன், நின்று, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து, பந்தலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "வர்றேன்ணே. வர்ற வியாழக்கிழமை மறுபடியும் வர்றேன்" என்றாய்.

அடப்பாவி! வெறும் வர்றேன் என்றாலே குற்றம், நீ கிழமை வேறு குறித்துக் கொடுத்தாய். பாண்டி கையை உதறினான். "என்னடா சொன்ன? அடுத்த கேதத்துக்கு நாள் குறிக்கிறியா? எந்திரிச்சுப் போடா!" என்று அவன் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பெரியவர்கள் இரண்டு பேர் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உள்ளே முருகேஸ்வரியின் அழுகை கூட ஒரு நொடி நின்று திரும்பத் தொடங்கியது. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது எனக்கு. உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

பஸ்சில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். "அதை எவன்டா ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்று கேட்டதற்கு நீ சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒருத்தர விட்டுப் பிரியும்போது அடுத்து எப்பப் பாப்போம்னு நாளச் சொல்லிட்டுப் பிரியணும்னு கூட்டத்துல சொன்னாகம்மா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது, வாயில வந்துருச்சு" என்றாய். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, அழுதேன். உன் இட்லிக் கூட்டத்தை அன்று நான் சபித்த சாபம் பலித்திருந்தால் தேனியில் ஒரு இட்லிச் சட்டி மிஞ்சியிருக்காது. இனிமேல் சிலமலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உனக்கு உத்தரவும் போட்டேன்.

பலன் உடனே தெரிந்தது. சிலமலையிலிருந்து தட்டு கேட்டிருந்தவர் போன் பண்ணி, "இப்ப வேணாம்த்தா, பெறகு பாப்போம்" என்றார். குழாய் மாற்ற வரச் சொன்னவர் போனையே எடுக்கவில்லை. பெறகு பாப்போம் என்றால் எப்போதும் இல்லை என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாய் கூட ஒருநாள், "அடுத்த கூட்டத்த சுடுகாட்டுல வைக்கிறாகளாக்கா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தன் கடைக்குத் திரும்பிவிட்டார். பறிப்பு உச்சத்தில் இருக்கிற நேரம். கடையில் வெட்டின தகரம் அப்படியே சாத்தி வைத்திருந்தது. உன் அப்பா சேர்த்த சனத்தையெல்லாம் மகன் ஒரே வாக்கியத்தில் விரட்டிவிட்டானே என்று நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் உன் வண்டியைக் காணோம், வெல்டிங் பையைக் காணோம். போன் அடித்தால் டவர் இல்லை. எனக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. பாண்டி கோபக்காரன், கை நீட்டுகிறவன். ஐயோ, பிள்ளையை அடித்துப் போட்டுவிடுவானோ என்று பதறினேன். பாயை அனுப்பிப் பார்க்கலாமா என்றால் அவர் மதுரைக்கு லோடு ஏற்றப் போயிருந்தார். சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்பு இறங்கும் வரை கடை வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தே கால் ஓய்ந்துபோனேன். ஜீப்பிலிருந்து குதித்த ஒருத்தி, தண்ணீர்க் குடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே சத்தம் போட்டாள்: "யக்கா, ஒங்க மகன் செலமலைக்காரவுக ஸ்டோர்ல அடுப்பெரிச்சுக்கிட்டு இருக்காரு! பாண்டி வெறகு எடுத்துக் குடுக்குறாரு!" அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், கதிரு.

நீ அங்கேயே தங்கி, காய் உலர்ந்து தட்டை இறக்கிய பிறகுதான் வந்தாய். கண் இரண்டும் புகையில் சிவந்து, சட்டையெல்லாம் கரி. ஏன்டா போனாய் என்றதற்கு, "வர்றேன்னு சொன்னேன்லம்மா. போகலேன்னா அது வெறும் கெட்ட வார்த்தையாவே நின்டுரும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். உன்னிடமிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. மீதியை முருகேஸ்வரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவளே கடைக்கு வந்தாள். இவ்வளவு வெரசா வெளியே வருகிறாளே என்று நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். "பேசட்டும்க்கா, பேசுறவுகளா வந்து காயக் காய வைக்கப் போறாக?" என்றாள்.

அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன். "ஒங்க மகன் வாசல்ல வந்து நின்டாரு. எங்க கொழுந்தன் எந்திரிச்சுப் போயி, எதுக்குடா வந்தன்னு மறிச்சுக்கிட்டாரு. வர்றேன்னு சொன்னேன்ணே, வந்துட்டேன்ங்கிறாரு. அவ்வளவுதான், வேற பேச்சே இல்ல. எனக்கு உள்ள இருந்து கேட்டதும் என்னமோ பண்ணிருச்சுக்கா. கேதத்துக்கு எம்புட்டுச் சனம் வந்துச்சு! எல்லாரும் மொறைப்படி சொல்லாமப் போனாக. போனவுக போனவுகதான், ஒருத்தரும் திரும்ப எட்டிப் பாக்கல. மறுபடியும் வர்றேன்னு சொன்ன ஆளு இவரு ஒருத்தர்தான், வந்ததும் இவரு ஒருத்தர்தான். நான் வெளிய வந்து கொழுந்தன்கிட்ட, அவர உள்ள விடுங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் வீட்டில் அன்று இருந்த கஷ்டம் வேறு. காய் முற்றி நிற்கிறது, ஆள் விட்டுப் பறித்தும் ஆகிவிட்டது, உலர்த்தத் தெரிந்த மனுஷர் இல்லை. பாண்டிக்குத் தென்னையும் மாடும்தான் தெரியும். தொழிலைப் பற்றி நீ வாய் திறக்கவே இல்லையாம். அவளாகத்தான் சொல்லியிருக்கிறாள், ஸ்டோரில் காய் குவிந்து கிடக்கிறது என்று. நீயும் பாண்டியும் ஒரே வண்டியில், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு குரங்கணி வரை போனீர்களாமே! அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. மேலே போனால் குழாயில் ஓட்டை, புகை உள்ளே அடிக்கிறது. ஈரக் காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் மோட்டாரும் கருகிப் போயிருக்கிறது. குழாயை நீ அடைத்துவிட்டாய். மோட்டாருக்கு எங்கே போவது? நீ டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப்போய் ஒருவருக்குப் போன் பண்ணினாய். மத்தியானத்துக்குள் அந்தத் தம்பி தேனியிலிருந்து ஒரு மோட்டாரோடு பஸ்சு, ஜீப்பு பிடித்து வந்து நின்றிருக்கிறான். யார் அவன்? உன் இட்லிக் கூட்டத்தில் உன் பக்கத்து நாற்காலிக்காரன், கருகின மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவன். நான் சபித்த சாபம் பலிக்காமல் போனதற்குக் கடவுளுக்கு நன்றி. அடுத்த வாரம் அவனைக் கூப்பிட்டு நானே ஆட்டுக்கறி வைத்துச் சோறு போட்டேனா இல்லையா? இனிமேல் அந்தக் கூட்டத்தைக் கேலி பேச மாட்டேன். இட்லியை விட்டுவிட்டு வெறும் கூட்டம் என்றே சொல்கிறேன். சில நேரம் இட்லி வாயில் வந்துவிடும், கண்டுகொள்ளாதே.

முருகேஸ்வரி பேசியதைக் கேட்டபோது எனக்கு உன் அப்பாவின் கேதம் நினைவுக்கு வந்தது. நம் வீட்டு வாசலும் அன்று கொள்ளாமல் சனம் நின்றது. பிறகு வாசல் வெறிச்சென்று கிடந்தது. பாய் ஒருவர்தான் வந்து, "யக்கா, சாவியக் குடுங்க, ஷட்டரத் தூக்கிவிடுறேன். கட மூடிக் கெடந்தா வர்றவன் வேற எடம் பாப்பான்" என்று சொல்லித் திறந்துவிட்டார். கேதத்துக்கு வந்த மற்றவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர்க்கு அவரவர் சோலி. ஆனால் இத்தனை வருஷம் வாடிக்கை, பழக்கம் என்று நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அது இரண்டாவது தடவை வந்து நிற்பதுதான் என்று அன்றைக்கு முருகேஸ்வரி முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் தடவை எல்லாரும் வருவார்கள். அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம், அப்புறம் அவள் புதுத் தட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனாள்.

பூப்பாறையில் உனக்குக் கிடைத்திருக்கிற கடை அவளுடைய சித்தி மகனுடைய இடம் என்பதை மறக்காதே. அங்கே போய் முதல் வேலையாக, ஏற்கெனவே தகரப் பட்டறை வைத்திருக்கிற ஆளைத் தேடிப் போய்க் கும்பிடு போடு. போட்டிக்காரன் என்று முகத்தைத் திருப்பாதே. அவன் கை நிறைய வேலை இருக்கும் நாளில் மிச்சம் உன்னிடம்தான் வரும், உனக்கு நிறைந்தால் நீ அவனிடம் அனுப்பு. அங்கே சேட்டா என்று கூப்பிட வேண்டும், உனக்கு வருகிற அரைகுறை மலையாளத்தைக் கூச்சப்படாமல் பேசு, சிரித்தால் சிரிக்கட்டும். வாசலில் தண்ணீர்க் குடம் வை. பெஞ்சு ஒன்று போடு, நம் ஊர்ப் பொம்பளைகள் அங்கேயும் காய் பறிக்க வருகிறார்கள். கார்டு கொடுப்பதை விட்டுவிடாதே, அதுவும் வேண்டும்தான். ஆனால் யாருக்குக் கொடுத்தாயோ அவர் ஸ்டோரை ஒருமுறையாவது போய்ப் பார். பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்வதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள், அப்பு. தேவை வரும்போது மட்டும் ஆளைத் தேடாதே, சும்மா இருக்கிற நாளிலும் எட்டிப் பார்த்து "என்ன சேதி" என்று கேட்டுவிட்டு வா. கேதத்துக்குப் போனால் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு கிளம்பு. அங்கே முறை எப்படியோ, முதலில் விசாரித்துக்கொள். சொல்லாமல் கிளம்பினாலும் பிறகு ஒருநாள் போய் நில்.

இன்று காலையில் பாண்டி வந்திருந்தான், நீ குளித்துக்கொண்டிருந்தாய். நாளைக்கு உன் சாமானை ஏற்றப்போவது அவனுடைய ஜீப்புதான், வாடகைப் பேச்செடுத்தால் சண்டைக்கு வருகிறான். மூட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆத்தா, ஒங்க மகன் கெளம்பும்போது கெழமையச் சொல்லிட்டுத்தான் போவான், பாத்துக்கங்க" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பிறகு யார் வருவார்கள் என்ற அந்தப் பழைய கவலை எங்கே போனதென்றே தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. சோறு நன்றாக இறங்குகிறது.

வாசலுக்கு வந்து வழியனுப்புவேன். அழ மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் அழுவேன். நீ மற்றவர்கள் மாதிரி "போயிட்டு வர்றேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடாதே. நாலு பேர் சிரித்தாலும் பரவாயில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கிழமை என்று சொல்லிவிட்டுப் போ. அன்றைக்குக் கறி எடுத்து வைக்கிறேன்.

உன் அம்மா